இறால் ஓட்டில் தண்ணீர் ஃபில்டர்... கடலே இல்லாத திண்டுக்கல் ஆய்வகங்கள் போட்ட கணக்கு!

ஒரு கிலோ இறால் வாங்கி, தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, குடலை உருவி முடித்தால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய அரை கிலோதான். மீதி குப்பை. வீட்டில் அது ஒரு கேரி பேக் அளவு. மறுநாள் குப்பை வண்டி வர்ற வரைக்கும் நாத்தம் தாங்காது. ஏற்றுமதி நிறுவனங்களில் இதே குப்பை டன் கணக்கில் சேர்கிறது.

2023-24 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் மட்டும் 7,16,004 டன். இதில் ஓட்டோடு போவதும் உண்டு, உரித்துப் போவதும் உண்டு. உரித்துப் போகும் ஒவ்வொரு டன்னுக்கும் பின்னால் ஒரு ஓட்டுக் குவியல் இங்கேயே தங்கிவிடுகிறது. உலகம் முழுக்க இறால், நண்டு, சிங்கி இறால் ஓடுகள் ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் குப்பையாகின்றன என்கிறது ‘நேச்சர்’ இதழில் 2015-ல் வெளியான ஒரு கட்டுரை. சில நாடுகளில் இதை அப்புறப்படுத்தவே காசு கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஒரு டன்னுக்கு 150 டாலர் வரை ஆகும் என்று அதே கட்டுரை சொல்கிறது.

இந்த ஓட்டை வைத்து உருப்படியாக ஏதாவது செய்யலாமா என்ற கேள்விக்கு தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ பதில் தேடினால் ஆச்சரியம் இல்லை. ஆனால், தூத்துக்குடி துறைமுகத்தில் இருந்து சுமார் 200 கி.மீ. தள்ளி, கடல் வாசமே இல்லாத திண்டுக்கல்லில் இரண்டு கல்வி வளாகங்கள் பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்து வந்திருக்கின்றன. ஒன்று, சின்னாளபட்டி பக்கத்தில் இருக்கும் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம். இன்னொன்று, ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் திண்டுக்கல் பொறியியல் கல்லூரி.

ஏன் இங்கே? காரணம் இந்த ஊர் போர்வெல் தண்ணீரில் இருக்கிறது.

பல்லில் தெரியும் போர்வெல்

திண்டுக்கல் சமவெளியின் அடியில் இருப்பது கடினப் பாறை. சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். இவற்றில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற சில கனிமங்களில் ஃபுளோரைடு இயற்கையாகவே இருக்கிறது. மழைத் தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்கி வருடக்கணக்கில் தங்கும்போது, அந்த ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரில் சேர்கிறது. இதில் ஆலைக் கழிவும் இல்லை, யாரும் கொட்டிய மருந்தும் இல்லை. பாறை செய்யும் வேலை இது. கிணறு வற்றி, 600 அடி, 800 அடி என்று போர் ஆழமாகப் போகப் போக, பாறையோடு அதிக காலம் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது.

கொஞ்சம் ஃபுளோரைடு பல்லுக்கு நல்லது. அதனால்தான் பற்பசையில் சேர்க்கிறார்கள். அளவு மீறினால்தான் வில்லங்கம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் 1 மி.கி. வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 மி.கி. வரை அனுமதி. அதற்கு மேல் போனால் முதலில் பல் காட்டிக் கொடுக்கும். வெள்ளைத் திட்டு, மஞ்சள் கோடு, பிறகு பழுப்புக் கறை. இதற்குப் பெயர் பல் ஃபுளோரோசிஸ். இன்னும் அதிக அளவில் பல வருடங்கள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, குனிய நிமிர முடியாத நிலை வரை போகலாம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் வயதில்தான் இந்தக் கறை விழுகிறது. ஞானப்பல் தவிர மற்ற பற்களின் வெளிப்பகுதி சுமார் 8 வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அதுவரை குழந்தை குடித்த தண்ணீரின் கணக்கு, பல் முளைக்கும்போதுதான் வெளியே தெரியும். அப்போது தண்ணீரை மாற்றினாலும் விழுந்த கறை போகாது. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. “பையன் பல்லே தேய்க்கிறதில்ல” என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் போர்வெல் தண்ணீருக்காகத் திட்டு வாங்குகிறார்களோ!

திண்டுக்கல் மாவட்டத்தில் ஃபுளோரைடு அதிகமுள்ள பகுதிகளை வரைபடமாக்கி, எந்த வயதினர் எவ்வளவு ஃபுளோரைடு உட்கொள்கிறார்கள் என்று கணக்கிட்ட ஆய்வுகள் 2009, 2010-ல் சர்வதேச இதழ்களில் வெளியாகின. அந்தக் காலகட்டத்தில்தான் காந்திகிராமத்து வேதியியல் துறை இறால் ஓட்டைக் கையில் எடுத்திருந்தது.

ஓட்டுக்குள்ள என்ன இருக்கு?

இறால் ஓட்டில் மூன்று சரக்கு இருக்கிறது. புரதம் 20 முதல் 40 சதவீதம். சுண்ணாம்புச் சத்தான கால்சியம் கார்பனேட் 20 முதல் 50 சதவீதம். மூன்றாவது கைட்டின், 15 முதல் 40 சதவீதம்.

கைட்டின் என்பது சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த ஒரு இயற்கை பாலிமர். மரத்துக்கு செல்லுலோஸ் எப்படியோ, இறாலுக்கும் நண்டுக்கும் பூச்சிக்கும் கைட்டின் அப்படி. முதன்முதலில் இது கண்டறியப்பட்டது இறாலில் அல்ல, காளானில். 1811-ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஆன்றி பிராகோனோ அதைப் பிரித்தெடுத்தார்.

ஓட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து போகும். பிறகு காஸ்டிக் சோடாவில் போட்டால் புரதம் போகும். மிஞ்சுவது கைட்டின். இது சாமானியத்தில் எதிலும் கரையாது, எதோடும் சேராது. ஒரு முசுடு! அதை இன்னும் அடர்த்தியான காஸ்டிக் சோடாவில் போட்டு சூடாக்கினால், சங்கிலியில் தொங்கும் அசிட்டைல் என்ற சின்னப் பகுதி கழன்று, அந்த இடத்தில் அமீன் என்ற நைட்ரஜன் கை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இப்போது இதன் பெயர் கைட்டோசான்.

எல்லா வித்தையும் அந்தக் கையில்தான் இருக்கிறது. லேசான அமிலத்தில் அந்தக் கைக்கு நேர்மின்னூட்டம் ஏறும். எதிர்மின்னூட்டம் உள்ள எதுவும் வந்து ஒட்டும். ரத்த சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் காயத்தில் வைத்தால் ரத்தம் சீக்கிரம் உறையும். அமெரிக்க ராணுவம் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கைட்டோசான் கட்டுத்துணியைப் பயன்படுத்தியது. இந்தியாவில் ஆக்ஸியோ பயோசொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் ‘ஆக்ஸியோஸ்டாட்’ என்ற பெயரில் இதே வகை கட்டுத்துணி தயாரிக்கிறது.

தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடும் எதிர்மின்னூட்டம் கொண்டதுதான். அப்படியென்றால் அதுவும் வந்து ஒட்ட வேண்டுமே?

பூந்தி தேய்க்கிற மாதிரி

அதைத்தான் காந்திகிராமத்தில் பார்த்தார்கள். பேராசிரியர் எஸ். மீனாட்சியும், அவருடைய ஆய்வுக் குழுவில் இருந்த என். விசுவநாதனும், காரைக்காலைச் சேர்ந்த சி. சாய்ராம் சுந்தரமும் சேர்ந்து 2008, 2009-ல் அடுத்தடுத்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். கைட்டோசானை அவர்கள் கேரளாவில் இருந்து வாங்கினார்கள். கேரளாவுக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம்தான் இறால் ஓட்டில் இருந்து கைட்டோசான் எடுக்கும் முறையை இங்கே வளர்த்தெடுத்தது. கொல்லம் நீண்டகரையில் கேரள அரசின் மத்ஸ்யஃபெட் அமைப்பே ஒரு கைட்டோசான் ஆலை நடத்துகிறது.

கைட்டோசானை அப்படியே தூளாகப் போட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அதனால் முதலில் மணிகளாக்க வேண்டும். செய்முறை கிட்டத்தட்ட பூந்திதான். கைட்டோசானை லேசான அசிட்டிக் அமிலத்தில், அதாவது காடியின் தன்மையுள்ள அமிலத்தில், கரைத்தால் கெட்டியான மாவு போல வரும். அதைச் சொட்டுச் சொட்டாக காஸ்டிக் சோடா கரைசலில் விட்டால், எண்ணெயில் விழுந்த பூந்தி போல ஒவ்வொரு சொட்டும் உருண்டையாகத் திரண்டுவிடும்.

அடுத்த சிக்கல், இந்த மணி அமிலம் பட்டால் மறுபடி கரைந்துவிடும். அதற்காக குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் ஊறவைத்து, சங்கிலிகளை ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போடுகிறார்கள். இப்போது மணி கரையாது, உடையாது.

சரி, ஃபுளோரைடைப் பிடித்ததா? பிடித்தது, ஆனால் ரொம்பக் கொஞ்சம். ஒரு கிலோ மணி பிடித்தது வெறும் 52 மி.கி. ஃபுளோரைடு.

52 எங்கே, 4,711 எங்கே!

இந்த எண்ணை வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்த்தால்தான் புரியும். ஒரு லிட்டரில் 3 மி.கி. ஃபுளோரைடு இருக்கும் போர்வெல் தண்ணீரை 1 மி.கி.க்குக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 2 மி.கி. எடுக்க வேண்டும். 52 மி.கி. மட்டும் பிடிக்கும் ஒரு கிலோ மணியால் 26 லிட்டர் தண்ணீரைத்தான் சுத்தம் செய்ய முடியும். குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் செலவாகும் வீட்டில், ஒரு கிலோ மணி ஒன்றே கால் நாளில் தீர்ந்துவிடும். இதை வைத்து யாருக்கு என்ன பயன்?

காரணம் எளிது. சாதாரணத் தண்ணீரில் அந்த அமீன் கைகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்னூட்டம் இருக்காது. கை நீட்டியிருக்கிறது, ஆனால் காந்தம் ஆன் ஆகவில்லை. எனவே மணிகளை முன்கூட்டியே அமிலத்தில் ஊறவைத்து, கைகளுக்கு மின்னூட்டம் ஏற்றிவிட்டு பிறகு பயன்படுத்தினார்கள். 52 என்ற எண் 1,664 ஆக எகிறியது. அதே ஒரு கிலோ இப்போது 832 லிட்டர், அதாவது நம் கணக்கு வீட்டுக்கு 41 நாள்.

அமீன் கையோடு கார்பாக்ஸில் என்ற இன்னொரு கையையும் மணியில் சேர்த்தபோது 1,800 வரை போனது. கார்பாக்ஸில் சேர்த்த மணியில் லாந்தனம் என்ற அரிய மண் உலோகத்தை ஏற்றியபோது 4,711. லாந்தனத்துக்கு ஃபுளோரைடு என்றால் தனிப் பிரியம். கணக்குப்படி 2,355 லிட்டர், கிட்டத்தட்ட நாலு மாசம்.

இதற்கு நடுவே இன்னொரு சுவாரசியமான முயற்சியும் நடந்தது. பல்லும் எலும்பும் எதனால் ஆனவை? ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கனிமத்தால். ஃபுளோரைடு பல்லில் போய் ஒட்டுவதே அந்தக் கனிமத்தின் மீதுள்ள ஈர்ப்பால்தான். அப்படியென்றால் பல்லுக்குப் போகும் முன்பே அதே கனிமத்தை வழியில் நிறுத்திவைத்தால்? நானோ அளவு ஹைட்ராக்ஸி அபடைட்டை கைட்டோசானோடு கலந்து பார்த்தார்கள். கிலோவுக்கு 1,560 மி.கி. பிடித்தது. கனிமம் தனியாகப் பிடித்ததைவிட (1,296 மி.கி.) இது அதிகம். லாந்தனம் அளவுக்கு எண் பெரிதில்லைதான். ஆனால் சேர்மானம் இரண்டுமே உடம்புக்குப் பழக்கமான சரக்கு என்பதால், குடிதண்ணீர் விஷயத்தில் இதற்குத் தனி மரியாதை கொடுக்கலாம். லாந்தனம் போன்ற உலோகம் ஏற்றிய மணியில், அந்த உலோகம் தண்ணீரில் கசிகிறதா என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மேலே உள்ள லிட்டர் கணக்கு எல்லாம் ‘அதிகபட்சம்’ என்று படிக்க வேண்டும். ஆய்வகத்தில் இந்த எண்களை அளப்பது வழக்கமாக ஃபுளோரைடு தாராளமாகக் கலந்த தண்ணீரில். கிராமத்துத் தண்ணீரில் ஃபுளோரைடு அதைவிடக் குறைவு, எனவே மணி பிடிப்பதும் குறையும். போதாக்குறைக்கு இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட் எல்லாம் ஃபுளோரைடைவிடப் பல மடங்கு இருக்கும். அவையும் எதிர்மின்னூட்டம் கொண்டவைதான். பேருந்தில் ஃபுளோரைடுக்குப் போட்ட துண்டை எடுத்துவிட்டு மற்றவர்கள் உட்கார்ந்துகொள்கிற கதை. தண்ணீரின் காரத்தன்மை கூடினாலும் கைகளின் மின்னூட்டம் குறையும். காந்திகிராமக் குழு தங்கள் மணிகளை ஃபுளோரைடு பாதித்த பகுதியின் தண்ணீரிலும் சோதித்தது. ஆனால் ஒரு பாட்டில் தண்ணீரில் தேறுவது வேறு, ஒரு தெருக்குழாயில் இரண்டு கோடை தாக்குப்பிடிப்பது வேறு.

தண்ணீர் சுத்தம் செய்ய எவ்வளவு தண்ணீர்?

‘குப்பையில் இருந்து வந்தது, எனவே பசுமையானது’ என்று இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நிங் யான், சி சென் இருவரும் எழுதியதுதான் மேலே சொன்ன ‘நேச்சர்’ கட்டுரை. இறால் ஓட்டில் இருந்து ஒரு கிலோ கைட்டோசான் எடுக்க ஒரு டன்னுக்கும் மேல் தண்ணீர் தேவை என்று அதில் சொல்கிறார்கள். ஒரு டன் தண்ணீர் என்றால் 1,000 லிட்டர். அமிலத்தில் போட்டு அலசு, காஸ்டிக்கில் போட்டு அலசு, மறுபடி காஸ்டிக், மறுபடி அலசு... எல்லாம் சேர்ந்த கணக்கு. அலசிய தண்ணீரில் அமிலமும் காஸ்டிக்கும் இருப்பதால் அதுவும் ஒரு கழிவு.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள். தயாரிக்க 1,000 லிட்டருக்கு மேல். மின்னூட்டம் ஏற்றிய மணி ஒரு தடவையில் சுத்தம் செய்வது, அதிகபட்சம் 832 லிட்டர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட்டால், சுத்தம் செய்ததைவிட செலவழித்த தண்ணீர்தான் அதிகம்!

ஆக, இந்த மணி உண்மையிலேயே ‘நிலைத்த’ பொருளா என்பதைத் தீர்மானிப்பது அது இறால் ஓட்டில் இருந்து வந்தது என்பதல்ல. எத்தனை தடவை மறுபடி பயன்படுத்தலாம் என்பதுதான். நிரம்பிய மணியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசினால் பிடித்த ஃபுளோரைடை விட்டுவிட்டு மீண்டும் வேலைக்குத் தயாராகும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பத்து முறை பயன்படுத்தினால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒவ்வொரு அலசலிலும் பிடிக்கும் திறன் கொஞ்சம் குறையும் என்பதையும், அலசிய அமிலத்தில் இப்போது ஃபுளோரைடு அடர்த்தியாக இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அதை வீட்டு சிங்க்கில் ஊற்றினால் திரும்ப நிலத்துக்கே போகும். வீட்டுக்கு வீடு இந்த மணியைக் கொடுப்பதைவிட, ஒரு கிராமத்துக்கு ஒரு பொது ஃபில்டர் வைத்து, நிரம்பிய மணியை ஒரே இடத்தில் சேகரித்து அலசுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

தயாரிப்புப் பக்கமும் மாற்று வழிகள் இருக்கின்றன. அமிலத்துக்குப் பதில் தயிரைப் புளிக்க வைக்கும் குடும்பத்தைச் சேர்ந்த லாக்டிக் அமில பாக்டீரியாவை ஓட்டில் வளர்த்தால், அது சுரக்கும் அமிலமே சுண்ணாம்பைக் கரைக்கும். புரதத்தை நொதிகள் பார்த்துக்கொள்ளும். நேரம் கூடும், சுத்தம் கொஞ்சம் குறையும். ஆனால் கழிவாக வெளியேறும் புரதத்தை வீணாக்காமல் தீவனமாக்கலாம். ஓட்டின் மூன்று சரக்கையும் பிரித்துப் பிரித்து விற்கும் ‘ஓட்டுச் சுத்திகரிப்பு ஆலை’ வேண்டும் என்பதுதான் சிங்கப்பூர் ஆய்வாளர்களின் வாதமும். கைட்டோசானை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டுவது, இறாலைச் சாப்பிட்டு ஓட்டைக் கொட்டுவதற்கு அடுத்த படி. அவ்வளவுதான்.

ஆர்.ஓ. இருக்கே, அது போதாதா?

நியாயமான கேள்வி. ஆர்.ஓ. மெஷின் ஃபுளோரைடை நன்றாகவே எடுக்கும். ஆனால் வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் தர, பொதுவாக 2 முதல் 3 லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. 832 லிட்டர் குடிநீருக்கு 1,600 முதல் 2,500 லிட்டர் கழிவு. கைட்டோசான் மணியின் தண்ணீர்ச் செலவைக் குறை சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பு 500 மி.கி.க்குக் கீழ் இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டதன் பின்னணியும் இந்த வீணடிப்புதான். தவிர, ஆர்.ஓ.வுக்கு கரண்ட் வேண்டும், மெம்பரேன் மாற்றக் காசு வேண்டும். கேன் தண்ணீர் வாங்குகிறவருக்கு மாதச் செலவு.

படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃபுளோரைடைப் படிய வைக்கும் ‘நல்கொண்டா முறை’ இந்தியாவிலேயே, நாக்பூரில் உள்ள நீரி நிறுவனம் உருவாக்கியது. மலிவு. ஆனால் அளவு தவறினால் தண்ணீரில் அலுமினியம் தங்கும், அடியில் சேரும் சகதியை எங்கே கொட்டுவது என்ற கேள்வியும் தங்கும். கொதிக்க வைத்தால்? ஃபுளோரைடு ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

எல்லாவற்றையும்விட நல்ல தீர்வு, பாறைக்குள் கிடந்த தண்ணீரை விட்டுவிட்டு ஆற்றுத் தண்ணீரைக் கொடுப்பது. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் திட்டம் 2013-ல் வந்ததற்குக் காரணமே ஃபுளோரைடுதான். திட்டத்தின் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் தணிப்பு’ என்ற வார்த்தை இருக்கிறது. திண்டுக்கல் நகரத்துக்கு ஆத்தூர் காமராஜர் அணை, பேரணை, காவிரி கூட்டுக் குடிநீர் என்று வழிகள் இருக்கின்றன. காவிரித் தண்ணீர் தினமும் தவறாமல் வரும் தெருவுக்கு எந்த மணியும் தேவையில்லை. குழாய் கடைசியாகப் போய்ச் சேரும் ஊருக்கும், மோட்டார் பழுதாகி இரண்டு வாரம் போர்வெல் தண்ணீரில் ஓட்டும் வீட்டுக்கும்தான் ஃபில்டர் வேண்டும். எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீடாக இருந்தால், அவசரமாகவே வேண்டும்.

தோல் ஷாப் தண்ணீருக்கும் இதே மணி

திண்டுக்கல்லுக்கு இன்னொரு தண்ணீர்ப் பிரச்சினையும் உண்டு. இது பாறை செய்ததல்ல. ஊரைச் சுற்றி இயங்கிய சுமார் 80 தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரை எப்படிப் பாழாக்கியது என்று ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2005-ல் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன்பே, 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

தோல் பதனிடக் குரோமியம் பயன்படுகிறது. அதன் ஆறு இணைதிற வடிவம் நச்சு, தண்ணீரில் அது எதிர்மின்னூட்டத்தோடுதான் இருக்கும். அதே காந்திகிராமக் குழு 2010-ல் மாற்றியமைத்த கைட்டோசான் மணிகளைக் கொண்டு அதையும் பிடித்துக் காட்டியது. பிறகு செம்பு. பின்னாளில் விசுவநாதன் அண்ணா பல்கலைக்கழகத்தின் திண்டுக்கல் வளாகத்துக்கு வந்த பிறகு, அங்கே நைட்ரேட், பாஸ்பேட் என்று பட்டியல் நீண்டது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வயலில் போடும் உரத்தின் மிச்சம்.

தொழிற்சாலைக் கழிவுநீர் விஷயத்தில் இந்த மணிக்கு வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருந்தால், அமிலம் கையாளத் தெரிந்த ஆள் அங்கே இருப்பார், அலசிய கழிவைச் சமாளிக்கத் தொட்டி இருக்கும். குடிநீர் ஃபில்டருக்குத் தடையாக நிற்கும் இரண்டு விஷயங்களும் அங்கே ஏற்கெனவே தீர்ந்தவை.

இறால் ஓட்டில் இருந்து பிளாஸ்டிக்கும் செய்கிறார்களே? செய்கிறார்கள். ஹார்வர்டின் வைஸ் நிறுவனம் 2011-ல் கைட்டோசானையும் பட்டுப் புரதத்தையும் சேர்த்து ‘ஷ்ரில்க்’ என்ற மக்கும் பொருளை உருவாக்கியது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேரி பேக்குக்கு மாற்றாக விற்க வேண்டுமென்றால் கேரி பேக் விலையோடு போட்டி போட வேண்டும். கைட்டோசானால் அந்தப் போட்டியில் ஜெயிப்பது கஷ்டம். ரத்தம் நிறுத்தும் துணி, தண்ணீர் மணி மாதிரி, கொஞ்சம் போட்டாலே பெரிய வேலை செய்யும் இடங்களில்தான் அதன் விலை கட்டுப்படியாகும்.

உங்க வீட்டு எண் என்ன?

ஃபுளோரைடுக்கு நிறம் இல்லை, இந்த அளவில் சுவையும் இல்லை. ‘எங்க போர் தண்ணி தேன் மாதிரி இருக்கும்’ என்பது ஆதாரமாகாது. டி.டி.எஸ். மீட்டரும் காட்டிக் கொடுக்காது. அது எல்லா உப்பையும் கூட்டித்தான் சொல்லும், எந்த உப்பு என்று பிரித்துச் சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. சுத்தமான பாட்டிலில் போர்வெல் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்து, ஃபுளோரைடு அளவு வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். அறிக்கையில் பார்க்க வேண்டிய எண் 1.5. அதற்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் துவைக்க, குளிக்க, செடிக்கு. குடிக்கவும், உலை வைக்கவும், குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கவும் வேறு தண்ணீர்.